கம்பிவேலிக்குள் வைத்த பெயர்

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், வீட்டு நம்பர், ஜாலான் என்கிற தெரு, தாமான் என்கிற குடியிருப்பு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவேன். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசர காலத்தில் கொஞ்ச நாள் நான் எங்கே குடியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. வீடு இருந்தது, வீட்டில் அடுப்பு இருந்தது, அடுப்பில் உலையும் கொதித்தது. அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொன்னோம்.

லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் அது. நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தோட்டத்து ஜனங்கள் ஒரே இடத்தில் இல்லை. காட்டோரமாக இரண்டு டிவிஷன்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் குன்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து அரிசி வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று சர்க்காருக்குக் கோபம். அதனால் இரண்டு டிவிஷன்களையும் காலி செய்து, தோட்டத்துப் பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் மரங்களைச் சாய்த்துப் புது லயங்கள் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, எல்லாரையும் உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். லாரி வந்தது. சாமான்களை ஏற்று என்றார்கள், ஏற்றினோம். ஏறு என்றார்கள், ஏறினோம். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு டிரைவர், "எனக்கே தெரியாதுலா, முன்னாடி போற லாரி பின்னாடி போறேன்" என்றார்.

புது வீடு பச்சைப் பலகையில் கட்டியது. மழை பெய்தால் பலகை உப்பிக் கதவு மூடாது, வெயில் அடித்தால் சுருங்கிக் கதவு நிற்காது. தாழ்ப்பாள் கிடையாது. காலையில் வேலிக் கதவைத் திறந்து, ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு விடுவார்கள். வெட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது, அது காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். என் இடுப்புச் சேலை மடிப்புக்குள் நான் யாருக்குச் சோறு ஒளித்துவைக்கப் போகிறேன் என்று சோதனை போடுகிற பொம்பளையிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் மலாய்க்காரி. நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குப் புரியவில்லை, அவள் என்ன திட்டினாள் என்று எனக்கும் புரியவில்லை.

பெயர் விவகாரத்தை ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் ஆரம்பித்துவைத்தார். வேலிக் கதவுக்கு மேலே ஒரு போர்டு மாட்டப்போகிறோம், அதில் என்ன பெயர் எழுதுவது, ஜனங்களே சொல்லட்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை கேட்டாராம். தொரை நல்லெண்ணத்தில்தான் கேட்டிருப்பார். எங்களிடம் போய்க் கேட்டார் பாருங்கள்.

இதில் ஒரு சங்கதி வெளியாட்களுக்குத் தெரியாது. மலாயாவில் எந்தத் தோட்டத்துக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருக்கும். அது சம்பளச் சீட்டுக்கும் ஆபீசுக்கும். நாங்கள் கூப்பிடுகிற பெயர் வேறு. ஒரு டிவிஷனில் ஓடைமேல் கருங்கல்லில் ஒரு சின்னப் பாலம் இருந்தால் அந்த இடம் கல்லுப்பாலம். மண் சிவப்பாக இருந்தால் செம்மண்மேடு. கடைக்காரச் சீனனிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் இந்தப் பெயரைச் சொன்னால்தான் தெரியும். கம்பெனி வைத்த பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். நான் கல்லுப்பாலத்துக்காரி. குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் செம்மண்மேட்டுக்காரர்கள். இரண்டு இடமும் இப்போது காலி. யாரும் அங்கே காலெடுத்து வைக்கக்கூடாது என்று உத்தரவு. ஆனால் அந்தப் பெயர்களை யாரும் லாரியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வரவில்லை.

பாலைத் தராசில் நிறுத்து முடிந்ததும் ஸ்டோர் வாசலிலேயே பேச்சு ஆரம்பமாயிற்று. செம்மண்மேட்டில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் பெரிய குரல்காரர். "தலைய எண்ணிப் பாருங்க. நாங்கதான் ஆளு சாஸ்தி. செம்மண்மேடுன்னே எழுதச் சொல்லுங்க" என்றார். என் அடுத்த வீட்டக்கா விடுவாளா? "இங்க மேடு எங்கய்யா இருக்கு? மண்ணு கறுப்பா கெடக்கு. கல்லுப்பாலம்னு வையிங்க, நாங்கதான் மொதல்ல லாரி ஏறி வந்தவங்க" என்றாள். இங்கே பாலம் மட்டும் இருக்கிறதா என்று மண்டோர் கேட்டார். அவள் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டாள். நடுவில் கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, சண்டை வேண்டாம், அமைதிபுரம் என்று வைக்கலாம் என்றார். வேலியோரம் துப்பாக்கியோடு நின்ற காவல்காரரை எல்லாரும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்துவிட்டார்கள். கிராணிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது பழக்கமில்லை. "எந்தப் பேரு வேணும்னாலும் வச்சுக்குங்க. கல்லுப்பாலம் மட்டும் வேணாம்" என்றேன்.

எங்கள் ஆட்களெல்லாம் என்னை வெறித்துப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் இருந்தது, அது அவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. தவழ ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து சேருவதற்குள் போய்விட்டது. கல்லுப்பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரை ரப்பர் மர நிரையில்தான் புதைத்தோம். அதற்கப்புறம் நாங்கள் வேலிக்குள் வருகிறவரைக்கும் தினமும் அந்த நிரையைத் தாண்டித்தான் வெட்டுக்குப் போனேன். லாரி ஏறிய அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. அப்பாடா, விட்டது என்றுதான் நினைத்தேன். புது வீட்டிலும் காலையில் கண் விழித்ததும் அந்தப் பெயரா?

"சரிதான், நீ எங்க ஆளா அவங்க ஆளா?" என்று அக்கா கேட்டாள். என் வீட்டுக்காரர் ஸ்டோர் சுவரோரமாகக் குந்திக்கொண்டு வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. குழந்தை போனதிலிருந்து அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாக எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். இந்த மனுசனுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, சோறும் தூக்கமும் இருந்தால் போதும் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருக்கும். அன்றைக்கும் அவர் யார் பக்கமும் பேசவில்லை.

ஒன்றும் முடிவாகவில்லை. கதவுக்கு மேலே வெறும் பலகை தொங்கியது. இதனால் வந்த குழப்பத்தைச் சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள். நீலாயிலிருந்து என் அண்ணன் பார்க்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லுப்பாலம் எங்கே என்று கேட்டிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் பழைய இடத்துக்கே வழிகாட்டிவிட்டார்கள். பாதித் தூரம் போனதும் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக் கையைத் தூக்கச் சொல்லி, மண்டிபோட வைத்து, பிறகு விசாரித்து விரட்டியிருக்கிறார்கள். பாவம், வந்து சேர்ந்தபோது தங்கைக்கென்று வாங்கிவந்த வாழைப்பழம் நசுங்கி, அவரும் நசுங்கிப்போய் இருந்தார். "நீங்கல்லாம் எங்கதாண்டி இருக்கீங்க?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அப்போதாவது நாங்கள் புத்தியாகப் பேசி ஒரு பெயரை வைத்திருக்கவேண்டும். செம்மண்மேட்டார் அடுத்த நாளே, பாருங்கள், செம்மண்மேடு என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லை உண்டா என்றார்கள். அக்கா அவர்களோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடித்தாள்.

ஓய்வு நாள் ஒன்றில் என் வீட்டுக்காரர் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க லிங்கிக்குப் போனார். சைக்கிளில் போனார். வேலிக் கதவை அடைக்கிற நேரத்துக்குள் வந்துவிடவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கதவை அடைத்தார்கள். அவர் வரவில்லை. நான் வேலிக் கதவடியிலேயே நின்றேன். காட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களா, பட்டாளத்தார் சுட்டுவிட்டார்களா, சைக்கிள் பஞ்சராகி எங்காவது உட்கார்ந்திருக்கிறாரா? யாரிடம் போய்க் கேட்பது? காவலுக்கு நின்றவரிடம் கேட்டேன். காலையில் பார்க்கலாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் வெட்டு முடிந்து பால் நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஜீப் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும், அவருக்குப் பேச்சு மாற்றிச் சொல்லத் தமிழ் ஆள் ஒருவரும் இறங்கினார்கள். தமிழ் ஆள் டவுன்காரர், கால்சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தார். எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். என்ன ஏது என்று சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "கல்லுப்பாலம்னு ஒரு இடம் இருக்கா? அங்க யாராச்சும் குடியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் என்ன நினைப்போம்? தடைசெய்த இடத்துக்கு எங்களில் யாரோ திருட்டுத்தனமாகப் போய்வருகிறார்கள், அதைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். "கல்லுப்பாலமா? அங்க ஒரு நாயிகூட இல்லைங்க" என்றாள் அக்கா. பெயருக்காகக் குழாயடியில் குடத்தைத் தூக்கி எறிந்தவள் அவள். அவளுக்குப் பின்னால் நின்ற எங்கள் ஆட்களும், "நாங்க அந்தப் பக்கமே போறதில்லைங்க" என்றார்கள். அப்படியானால் இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். செம்மண்மேடு என்றார் மண்டோர். அமைதிபுரம் என்றார் கிராணி, மெல்லிய குரலில். "இன்னும் பேரு வக்கலீங்க" என்று யாரோ உண்மையைச் சொன்னார்கள். தமிழ் ஆள் இவற்றையெல்லாம் இங்கிலீசில் வெள்ளைக்காரருக்குச் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறிக்கொண்டே போயிற்று. என்ன மாறுகிறது, எதற்கு மாறுகிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நேற்று புக்கிட் பெலண்டோக் ரோட்டில் ஒரு ஆளை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். வீடு எங்கே என்று கேட்டதற்குக் கல்லுப்பாலம் என்றிருக்கிறான். அடையாளக் கார்டிலும் பழைய டிவிஷன்தான் போட்டிருக்கிறது. அந்த இடத்தைக் காலி செய்தாகிவிட்டது என்று அங்கே இருந்த போலீஸ்கார மாத்தாவுக்குத் தெரியும். அதனால் பிடித்து வைத்திருக்கிறார்கள். "நீங்களே சொல்றீங்க, அங்க ஒரு நாயிகூட இல்லேன்னு. அப்ப அவன் பொய் சொல்றான். இல்லாட்டி அங்க ஒளிஞ்சிருக்கிற ஆளு. ரெண்டுல எதா இருந்தாலும் அவன விடமாட்டாங்க" என்றார்.

பிடிபட்டது என் வீட்டுக்காரர்தான். எங்களைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து, ஊரே கூடி அவரை உள்ளே தள்ளியிருக்கிறோம். இந்தச் சந்தேகத்தில் பிடித்துப்போனவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். முகாமில் அடைப்பார்கள், கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்கள். அவர் பிறந்ததே இங்கேதான், அவருக்கு ஏது ஊர்? அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அடிப்பாவி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று முனகினாள். அவள் தன்னைத் திட்டிக்கொள்கிறாளா என்னைத் திட்டுகிறாளா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நான் வரிசையை விட்டு முன்னால் போனேன்.

"அவரு என் வீட்டுக்காரருங்க. பொய் சொல்லல. இதுதாங்க கல்லுப்பாலம்" என்றேன்.

எந்தப் பெயர் வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேனோ அதையே அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். தமிழ் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதானே இது செம்மண்மேடுன்னாரு அவரு" என்று மண்டோரைக் காட்டினார். என் உயிரே மண்டோர் வாயில் இருந்தது. அவரோ தன் ஊர்ப் பெயருக்காக எங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நானும் பொய்க்காரி.

மண்டோர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். வெற்றிலை எச்சிலைத் துப்பினார். "அது பழைய பேச்சுங்க. கல்லுப்பாலம்னு முடிவாயிடுச்சு. நாங்க எல்லாருமே இப்ப கல்லுப்பாலந்தான்" என்றார்.

"யாரு முடிவு பண்ணது?"

"அந்தப் புள்ளதான்" என்று என்னைக் கைகாட்டினார்.

அவ்வளவுதான், செம்மண்மேட்டார் எல்லாரும் ஆமாங்க, ஆமாங்க என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களைவிட அவர்கள் சத்தம்தான் அதிகம். கிராணியும் தலையை ஆட்டினார். பெயரை வைத்துவிட்டு ஏன் போர்டில் எழுதவில்லை, இன்றைக்கே எழுதி மாட்டுங்கள் என்று வெள்ளைக்காரர் சத்தம் போட்டார். எழுதிவிடுகிறோம் தொரை என்றார் கிராணி. எனக்கு மூச்சு வந்தது. மண்டோர் காலில் விழலாமா என்றுகூட இருந்தது.

ஜீப்பில் ஏறப்போன தமிழ் ஆள் திரும்பி வந்தார். "இன்னொண்ணு இருக்கும்மா. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டதுக்கு மூணு பேருன்னு சொல்லியிருக்கான். உங்க வீட்டுக்கு ரெண்டு பேருக்குத்தான் அரிசி அளக்குறாங்க. அந்த மூணாவது ஆளு யாரு? எங்க இருக்கான்?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் யார்? நான் யாருக்கும் சோறு போடவில்லையே, இவர் ஏன் இப்படிச் சொல்லி வைத்தார், மாட்டிவிடப் பார்க்கிறாரா என்றெல்லாம் நினைத்துவிட்டேன். அக்காதான் என் தோளைத் தொட்டாள். அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

"எங்க மகளுங்க. செத்துப்போச்சு" என்றேன்.

அதை வெள்ளைக்காரருக்குச் சொல்ல அந்தத் தமிழ் ஆளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொன்னார். வெள்ளைக்காரர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அடுத்த நாள் மதியம் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், முகம் வீங்கியிருந்தது. அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை, தூக்கமில்லை என்றார். நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை. சோறு போட்டேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அப்போதுதான் வந்தது.

"கல்லுப்பாலம்னு ஏன் சொன்னீங்க? வேற பேரே கெடைக்கலியா?"

"மாத்தா, 'ருமா டி மானா'ன்னு கேட்டான். வீடு எங்கன்னா நான் எதச் சொல்றது? நீங்கதான் ஒரு பேரும் முடிவு பண்ணலியே" என்றார்.

"சரி. மூணு பேருன்னு ஏன் சொன்னீங்க?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நீ, நானு, அது" என்றார். "எத்தன பேருன்னு கேட்டா ரெண்டுன்னு எப்படிடி சொல்றது?"

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். லாரி ஏறிய அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். இந்த மனுசன் மறந்துவிட்டார் என்று அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே!

நாங்கள் அந்த வேலிக்குள் இருந்தவரைக்கும் யாராவது வந்து விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். இடத்தின் பெயரைக் கேட்டால் நான் முந்திக்கொண்டு கல்லுப்பாலம் என்பேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். அவர் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.